கரண்டிக்கு எழுந்த கார்

மீட்டரக்கா ஒரு காரைக் கரண்டியால் ஸ்டார்ட் செய்தாள்.

ஸ்பானரால் அல்ல, ஸ்க்ரூ டிரைவரால் அல்ல. அடுப்படியில் தொங்குமே, நீளக் காம்பு வைத்த பித்தளைக் கரண்டி, அதனால்தான். அதுவும் ஒருமுறை அல்ல, மூன்று முறை. மூன்று பேட்டரிக்கும் முப்பது வருட டாக்ஸி அனுபவத்துக்கும் மசியாத கார் அது. எழுந்தபோது போட்ட உறுமலில் எதிர்வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வை தானாக மடிந்து கூடைக்குள் போய் விழுந்தது. நம்பவில்லையா? பரவாயில்லை. சாவியைத் திருப்பிய மனுஷனே நம்பவில்லை, நீங்கள் எம்மாத்திரம்!

மீட்டரக்கா என்பது தெரு வைத்த பெயர். இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, மின்விசிறி என்று வாலில் பிளக் உள்ள எந்தப் பிராணிக்கு நோய் வந்தாலும் அது அவள் வீட்டு முன்னறை மேசைக்கு வந்து படுத்துக்கொள்ளும். அவளிடம் ஒரு மஞ்சள் மீட்டர். அதன் சிவப்பு வயரில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி சுற்றியிருக்கும். "அதைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத்தான் தூங்குவா" என்பார் அவள் கணவர் பெயிண்டர். அவர் எதையும் குறைத்துச் சொல்கிற ஆள். உண்மையில் அது தலையணைக்கு அடியில் இருக்கும்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் இஸ்திரிப் பெட்டிகளுக்கும் அவள்தான் வைத்தியர். துணி ஏற்றிப் போகும் வேனின் டிரைவர் வேலையை விட்டு நிற்கப் போகிறார் என்று அங்கே காதில் விழுந்ததும், நேரே மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

"அந்த வேனை எனக்குக் குடுங்க."

மேலாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயது, மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் மீட்டர்.

"லைசென்ஸ் இருக்காம்மா?"

"வாங்கிடுவேன்."

"திங்கட்கிழமை காலையில லைசென்ஸோட வந்தா வேன் உங்களுக்கு. இல்லைன்னா வரிசையில இன்னொருத்தர் நிக்கிறார்."

வேன் ஆசை அவளுக்கு நேற்று முளைத்ததல்ல. "முப்பது வருஷமா உட்கார்ந்த இடத்துலயே உட்கார்ந்து ஊர்ச் சாமானையெல்லாம் ஓட வெச்சாச்சு. இனிமே நான் ஓடணும்" என்று வீட்டில் சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான். அவள் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால், நாலாவது காலை முயலே மடக்கிக்கொள்ளும்.

ஆனால் ஓட்டுநர் தேர்வு அவளை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது. முதல் முறை, பின்னால் எடுக்கும்போது மைதானத்துக் கம்பத்தை லேசாகத் தொட்டாள். அந்தக் கம்பம் இன்றைக்கும் வணக்கம் சொல்வதுபோல் சாய்ந்து நிற்கிறது. இரண்டாம் முறை, இடது பக்கம் திரும்பச் சொன்னபோது சைகை விளக்குக்குப் பதில் கண்ணாடி துடைப்பானைப் போட்டாள். மூன்றாவது முறை வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. பழகுநர் சீட்டு அன்று மாலையோடு காலாவதி. தவறவிட்டால் மறுபடி எழுத்துத் தேர்வு, மறுபடி வரிசை, மூன்று மாதம். திங்கட்கிழமை வேன் வேறொருவர் கைக்குப் போய்விடும். தேர்வுக்குச் சொந்தக் கார் கொண்டுவர வேண்டும், வாடகை வண்டி கூடாது என்பது அலுவலக விதி.

கார் இருந்தது. சின்னக் கார், கிழட்டுக் கார். ஆனாலும் குணமான கார், அழைத்த குரலுக்கு எழும். புதன்கிழமை வரைக்கும்.

வியாழக்கிழமை சாவியைத் திருப்பினாள். "டக்" என்றது. அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள். "டக்." வேண்டாத விருந்தாளிக்குக் கதவுக்குப் பின்னாலிருந்து நாக்கைச் சொடுக்குவதுபோல் ஒரே ஒரு "டக்".

அப்போதுதான் கைராசி உள்ளே வந்தார்.

கைராசி பெயிண்டரின் தம்பி, அவளுக்குக் கொழுந்தனார். முப்பது வருடமாக டாக்ஸி ஓட்டுகிறவர். டாக்ஸி நிறுத்தத்தில் எந்த வண்டி முரண்டு பிடித்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். வருவார். சாவியில் ஃபூ என்று ஊதுவார். போனட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலை ஒரு கல்லால் மூன்று தட்டு தட்டுவார். உட்கார்ந்து திருப்புவார். பத்துக்கு ஏழு வண்டி எழுந்துவிடும். எழாத மூன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முக்கியமாக அவர் பேசுவதில்லை.

"பேட்டரி, அண்ணி" என்றார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே.

"இன்னும் பார்க்கவே இல்லையே, தம்பி."

"பார்க்க என்ன இருக்கு? காலையில எழுந்திரிக்கலைன்னா பேட்டரி. மத்தியானம் எழுந்திரிக்கலைன்னாலும் பேட்டரி."

"டயர் பஞ்சரானா?"

"அதுவும் ஒரு வகையில..." என்று ஆரம்பித்தவர், அண்ணன் சிரிப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஊதினார், தட்டினார், திருப்பினார். டக். சாயங்காலம் எங்கிருந்தோ இரண்டாவது பேட்டரி கொண்டுவந்து மாட்டினார். டக். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தன் டாக்ஸியிலிருந்தே மூன்றாவது பேட்டரியைக் கழற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்துத் தூக்கிவந்தார். "இது யானையையே ஸ்டார்ட் பண்ணும்" என்றார்.

டக்.

"யானையைக் கூப்பிடட்டுமா?" என்று பெயிண்டர் கேட்டார்.

"அண்ணே, நீ சும்மா இரு. நாலு பேரைக் கூட்டிட்டு வரேன். தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம்."

மீட்டரக்கா அதுவரை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காரென்றால் கொழுந்தனார் துறை, இஸ்திரிப் பெட்டியென்றால் தன் துறை என்று இரண்டு நாளாகப் பொறுமையாக இருந்தவள், எழுந்தாள்.

"தள்ள வேண்டாம். அங்க தேர்வு எடுக்கிற மேடம் வண்டியை அணைக்கச் சொல்வாங்க. மறுபடி போடச் சொல்வாங்க. போன ரெண்டு தடவையும் அதுதான் முதல் வேலை. அந்த மைதானத்துல யாரு தள்ளுறது? நீங்களா?"

"அப்போ என்ன பண்ணப் போறீங்க?"

"என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கப் போறேன்."

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. இஸ்திரிப் பெட்டி வேற, கார் வேற."

"கரன்ட் ஒண்ணுதானே, தம்பி" என்று சொல்லிவிட்டு மீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

போனட்டுக்குள் எல்லாம் வான நீலம். அதுதான் பெயிண்டரின் அன்புக் காணிக்கை. மனைவி தேர்வுக்குப் போகிறாள், அதிகாரி போனட்டைத் திறந்து பார்த்தால் மனம் குளிர வேண்டாமா என்று, புதன்கிழமை முழுதும் உட்கார்ந்து எஞ்சினைக் கழுவி, தேய்த்து, இரண்டு கை பெயிண்ட் பூசியிருந்தார். அவ்வளவு அழகான எஞ்சின் உலகில் எந்தக் காரிலும் கிடையாது. உள்ளே எட்டிப் பார்க்கிற குருவி வானம் என்று நினைத்துப் பறந்து நுழைந்துவிடும்.

அவள் முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தாள். பன்னிரண்டு புள்ளி ஆறு.

"பேட்டரி நல்லா இருக்கு."

"மீட்டர் பொய் சொல்லும் அண்ணி. கை பொய் சொல்லாது."

"சரி, மீட்டரை விடுங்க. நீங்க உள்ள உட்காருங்க. முன் விளக்கைப் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க."

அவள் காருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து விளக்கையே பார்த்தாள். கைராசி திருப்பினார். டக். விளக்கு பளிச்சென்று எரிந்தது எரிந்தபடியே இருந்தது.

"மறுபடி."

டக். விளக்கு இமைகூடக் கொட்டவில்லை.

அவள் மெதுவாக எழுந்தாள். கண்ணாடியை மூக்கில் மேலே தள்ளினாள். கோளாறு அவள் கையை நோக்கி ஓரடி நகர்ந்து வந்தால் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அது வந்திருந்தது.

"தம்பி, எஞ்சினை எழுப்புற செல்ப் மோட்டார் எவ்வளவு சாப்பிடும்?"

"அது ராட்சசன் அண்ணி. வண்டியில இருக்கிற மத்த எல்லாம் சேர்ந்து சாப்பிடுறதை அது ஒரே வாயில சாப்பிடும்."

"அப்படி ஒரு ராட்சசன் பந்தியில உட்கார்ந்தா, பக்கத்து இலை காலியாகணுமா இல்லையா? பேட்டரி வீக்கா இருந்தா விளக்கு மங்கணும். பேட்டரி நல்லா இருந்தாலும் கொஞ்சமாவது மங்கணும். இது மங்கவே இல்லை. மோட்டார் கேட்டுச்சு, பேட்டரி குடுக்கலைன்னு நீங்க சொல்றீங்க. இங்க பேட்டரிகிட்ட யாரும் கேட்கவே இல்லை. நடுவுல எங்கேயோ பாதை அடைச்சிருக்கு."

கைராசி காரிலிருந்தே தலையை நீட்டி விளக்கைப் பார்த்தார். பிறகு, "பேட்டரியா இருக்கும்" என்றார். பழக்கதோஷம்.

மணி எட்டரை.

அவளுடைய மேசைக்கு இது புதிய நோய் அல்ல. இஸ்திரிப் பெட்டியின் வயருக்குள் பத்து இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும். அந்த ஒற்றை இழை சின்னச் சிவப்பு விளக்கை ஜம்மென்று எரிய வைக்கும். கொண்டுவருகிறவர்கள், "விளக்கு எரியுதே, கரன்ட் வருதே" என்று சத்தியம் செய்வார்கள். பெட்டியோ பனிக்கட்டி மாதிரி இருக்கும். விளக்குக்கு ஒரு இழை போதும், சூட்டுக்குப் போதாது. ஓடாதபோது மீட்டர் வைத்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். வேலை வாங்கும்போது வைத்துப் பார்த்தால்தான் எந்த இடம் கள்ளத்தனம் செய்கிறது என்று தெரியும்.

அதனால் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே பார்த்தாள். பேட்டரியின் பிளஸ் முனையில் ஒரு வயர், செல்ப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளின் கடைசியில் இன்னொரு வயர். நடுவில் எங்காவது அடைப்பு இருந்தால் மீட்டர் காட்டிக்கொடுக்கும். "திருப்புங்க." டக். மீட்டர் புள்ளி ஒன்று என்றது. ஒன்றுமே இல்லை என்பதற்கு மீட்டர் பாஷை அது. போகிற பாதை சுத்தம்.

"மோட்டார் வரைக்கும் கரன்ட் வருது. அப்படின்னா மோட்டார் செத்துப்போச்சா?" என்றார் பெயிண்டர், துக்கம் விசாரிக்கும் குரலில்.

"இருங்க. போற வயரைப் பார்த்தாச்சு. திரும்பி வர்ற வயரைப் பார்க்கலையே." அவள் காருக்கு அடியில் தலையை விட்டாள். நீலம், மேலும் நீலம். மோட்டாரைச் சுற்றிக் கையால் தடவினாள். "தம்பி, இன்னொரு வயர் எங்க?"

"எந்த வயர்?"

"திரும்பி வர்ற வயர். மோட்டாருக்கு ஒரே ஒரு தடி வயர்தான் இருக்கு. கரன்ட் போனா திரும்பி வர வேண்டாமா? எந்தப் பெட்டிக்கும் ரெண்டு வயர் இருக்குமே?"

இரண்டு நாளில் முதல் முறையாகக் கைராசிக்குச் சிரிப்பு வந்தது. "காருக்கு ஏது அண்ணி ரெண்டு வயர்? திரும்பி வர்றதெல்லாம் எஞ்சின் வழியா, பாடி வழியா. எல்லாம் எர்த்துதான்."

காருக்கு அடியில் தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"அண்ணி?"

"என்ன சொன்னீங்க?"

"எர்த்து. எஞ்சினையும் பாடியையும் சேர்த்து ஒரு பட்டை வயர் போகும். அது வழியாத்தான் மொத்தமும் திரும்பும். அதுதான் எர்த்து."

மீட்டரக்கா வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு தீற்று நீலம், தலையில் ஒரு சிலந்தி வலை. அவள் துறையில் எர்த்து என்றால் வேறு. மூன்றாவது வயர், பச்சை வயர். எந்நேரமும் சும்மாவே இருக்கும். பெட்டியின் உடம்பில் கரன்ட் கசிந்தால் ஆளைக் காப்பாற்ற ஒரு நாள் எழுந்துவரும். அதுவரை வீட்டோடு மாப்பிள்ளை. அது இல்லாவிட்டாலும் பெட்டி சுடும்.

புதன்கிழமை முன்னறையில் ஒரு மிக்ஸியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, பெயிண்டர் முற்றத்திலிருந்து கத்திக் கேட்டிருந்தார்: "ஏம்மா, இங்க ஒரு பட்டை வயர் இருக்கு. எர்த்துன்னு தம்பி சொல்லியிருக்கான். கழட்டிப் பெயிண்ட் அடிச்சிட்டு அது மேலயே மாட்டிடலாமா?" அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "எர்த்தா? அது சும்மா ஆபத்துக்குத்தாங்க. மாட்டுங்க."

"என்னங்க" என்றாள் இப்போது. "தப்பு உங்க மேல இல்லை. என் மேலதான். எர்த்துன்னதும் என் வீட்டு எர்த்துன்னு நினைச்சிட்டேன்."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அந்த வாக்கியத்தை அவர் கேட்டதே இல்லை. "இதை ஒரு பலகையில எழுதித் தரட்டுமா? நல்ல கொட்டை எழுத்துல, வாசல்ல மாட்டிக்கலாம்" என்றார்.

"அப்புறம் எழுதலாம். கத்தி எடுத்துட்டு வாங்க."

மீட்டரின் ஒரு வயரைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மற்றதை எஞ்சினில் பெயிண்டைச் சுரண்டிய சிறு இடத்திலும் வைத்தாள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியவை. நடுவில் மீட்டர் எதையும் காட்டக் கூடாது. "திருப்புங்க, தம்பி."

டக். ஒன்பது வோல்ட்.

"பாருங்க! பன்னிரண்டுல ஒன்பதை உங்கண்ணன் பெயிண்ட் தின்னுடுச்சு. மிச்சம் மூணை வெச்சுக்கிட்டு ராட்சசன் என்ன பண்ணுவான்?"

கைராசி மீட்டரைப் பார்த்தார், பெயிண்டைப் பார்த்தார். "பெயிண்ட் வோல்ட்டைத் தின்னுமா? முப்பது வருஷத்துல நான் கேள்விப்பட்டதில்லை. அண்ணி, மணி ஒன்பதரை. அந்த போல்ட் எஞ்சினுக்குப் பின்னால இடுக்குல இருக்கு. எட்டிக் கழட்டவே அரை மணி ஆகும். கழட்டி, அது இல்லைன்னா?"

கேள்வி நியாயமானது. கழற்றும் முன்பே நிச்சயப்படுத்த வேண்டும். பட்டையைச் சுற்றிக்கொண்டு போக வேறொரு பாதை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். "உங்க ஜம்பர் கேபிள் எங்க?"

"நேத்து ஸ்டாண்டுல ஒருத்தன் வாங்கிட்டுப் போனான்."

மீட்டரக்கா முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். வீட்டு வயர் எல்லாம் மெலிசு, ராட்சசனின் ஒரு வாய்க்குக் கருகிவிடும். தடித்த உலோகம் வேண்டும். நல்ல கடத்தி. ஒரு முழத்துக்கு மேல் நீளம்.

விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் பித்தளைக் கரண்டி.

கைராசி காரிலிருந்து இறங்கியே விட்டார். "அண்ணி, காருக்குப் பசின்னு நான் சொல்லவே இல்லையே?"

"உட்காருங்க தம்பி. கியர் நியூட்ரல்ல இருக்கா பாருங்க."

கரண்டிக் காம்பின் நுனியைப் பேட்டரியின் மைனஸ் முனையோடு சேர்த்துப் பிடிகுறடால் இறுக்கிக் கடிக்க வைத்தாள். முதலில் பேட்டரிப் பக்கம். பொறி பறந்தால் அது தள்ளி, எஞ்சின் பக்கத்தில் பறக்கட்டும். கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டாள். கரண்டியின் வாய் விளிம்பை எஞ்சினில் சுரண்டிய இடத்தில் வைத்து, எலும்பு முறிந்தவனுக்குக் கட்டுப் போடுகிறவள் மாதிரி அழுத்தினாள்.

"திருப்புங்க!"

கரண்டியின் உதட்டில் ஒரு சின்ன நீலப் பொறி சிரித்தது. அடுத்த நொடி கார் எழுந்தது! எழுந்ததா, துள்ளியது! தெரு முழுக்க ஜன்னல்கள் நடுங்கின. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த இருபது காகங்களும் வரிசை மாறி உட்கார்ந்தன. எதிர்வீட்டுப் போர்வை விஷயம் முன்னமே சொல்லியாயிற்று.

பெயிண்டர் கையில் இருந்த கத்தியோடு ஒரு சுற்று ஆடினார். "கரண்டி! என் கரண்டி!"

"என் கை" என்றார் கைராசி, ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்து. "நான் திருப்பினேன்ல. கொஞ்சம் லேட்டானாலும் ராசி விடாது."

"அப்படியா? அணைங்க."

"என்னது?"

"அணைங்க தம்பி."

"ஓடுற வண்டியை யாராவது அணைப்பாங்களா? மணி பத்தாகப் போகுது. ஏறுங்க, போயிடலாம்."

"கரண்டியைக் கூட்டிக்கிட்டா தேர்வுக்குப் போறது? அங்க போய் மேடம் அணைக்கச் சொன்னா? ரெண்டு தடவை தோத்துட்டு வந்தேன், தம்பி. ரெண்டு தடவையும் என் தப்பு, ஒத்துக்கிட்டேன். வண்டி எழுந்திரிக்காம தோத்தேன்னு மூணாவதா ஒண்ணு என் பேர்ல இருக்கக் கூடாது. அணைங்க."

இரண்டு நாள் பாடுபட்டு எழுப்பிய காரை அணைக்க ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும். பெயிண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கைராசி கண்ணை மூடிக்கொண்டு அணைத்தார்.

அவள் கரண்டியை எடுத்தாள். "இப்போ உங்க கை மட்டும்." டக். கரண்டியை வைத்தாள். உறுமல். எடுத்தாள். சாவியில் ஊதிக்கூடப் பார்த்தார் மனுஷன். டக். வைத்தாள். உறுமல். எடுத்தாள். டக். அதற்குள் கரண்டி தோசைக்கல் மாதிரி சுட்டது. அவள் துணியை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"இப்போ என்ன சொல்றீங்க?"

கைராசி பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார். "பேட்டரி சூடாகி எழுந்திருக்கும். தற்செயல்" என்றார்.

அவள் கரண்டியைப் படியில் வைத்தாள். எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டு, முழங்கை உரிந்தாலும் பரவாயில்லை என்று போல்ட்டைத் திருகினாள். பட்டை கழன்றது. அதன் அடியில் வான நீலம் தடிமனாக, ஆனந்தமாக, இரண்டு பூச்சும் குறையாமல் இருந்தது. போல்ட்டின் கழுத்தில்கூடப் பூசியிருந்தார் புண்ணியவான். பெயிண்டர் தன் உப்புத்தாளை எடுத்துவந்து, தன் கையாலேயே பூசியதைத் தன் கையாலேயே தேய்த்தார். கீழே வெள்ளி மாதிரி உலோகம் மின்னியது. போல்ட் நுழையும் பட்டையின் காதையும் தேய்த்து, மாட்டி, இறுக்கி, மீட்டர் வைத்தார்கள். திருப்பச் சொன்னாள். ஒன்பது இருந்த இடத்தில் புள்ளி ஒன்று. கார் கரண்டி கேட்காமல் எழுந்தது. முன் விளக்கும் ஒரு கணம் மரியாதையாக மங்கித் தெளிந்தது.

மணி பதினொன்றேகால்.

அவள்தான் ஓட்டினாள். பக்கத்தில் லைசென்ஸ் உள்ள துணையாகக் கைராசி, பின்னால் பெயிண்டர். சைகை விளக்கை ஒவ்வொரு திருப்பத்திலும் சரியாகப் போட்டாள். கைராசி பாதி வழியில் மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணி, லேட்டானதுக்குக் காரணம் எழுதச் சொல்வாங்க. பேட்டரின்னு எழுதிடுங்க. எல்லாரும் நம்புவாங்க. கரண்டின்னு எழுதினா காரையே உள்ள விடமாட்டாங்க."

"பேட்டரி என்ன பாவம் பண்ணுச்சு? நடந்ததைத்தான் எழுதுவேன்."

"அப்புறம் அந்த மைதானம் முழுக்க நம்ம ஸ்டாண்டு ஆளுங்கதான் நிப்பாங்க..."

"நிக்கட்டும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒருவருடைய முப்பது வருடப் பெயர் ஒரு கரண்டியில் அடங்கிப்போவது சின்ன விஷயமில்லை.

மைதானத்தில் மணி பதினொன்று நாற்பது. தேர்வு அதிகாரி, எல்லோருக்கும் மேடம், தன் சிரிப்பைக் காலையில் அலமாரியில் பூட்டிவிட்டு வருகிறவர். அவர் மேசை ஒரு மரத்தடியில் இருந்தது. சுற்றி ஏழெட்டு டாக்ஸி டிரைவர்கள், யார் யாரையோ தேர்வுக்குக் கூட்டிவந்தவர்கள்.

"பதினொரு மணி ஆளுங்க முடிஞ்சாச்சு" என்றார் மேடம் நிமிராமல்.

"மேடம், இன்னிக்கோட சீட்டு முடியுது. வண்டியில கோளாறு. சரிபண்ணிட்டு வரேன்."

மேடம் ஒரு தாளை நகர்த்தினார். அதிலேயே விதியும் அச்சாகியிருந்தது. வண்டிக் கோளாறால் தாமதமானால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், லைசென்ஸ் உள்ள ஓட்டுநர் ஒருவர் அதைச் சரி என்று சொல்ல வேண்டும். சொன்னால் கடைசி ஆளுக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பொய் என்று தெரிந்தால் அன்றைய வாய்ப்பு ரத்து.

மீட்டரக்கா நீலக் கறையோடு இருந்த விரல்களால் பேனாவைப் பிடித்து, ஒரு வரியும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். மேடம் வாங்கிப் படித்தார். ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுமுறை உரக்கப் படித்தார்.

"'எர்த் பட்டையின் அடியில் பெயிண்ட் இருந்ததால் செல்ப் எடுக்கவில்லை. பித்தளைக் கரண்டியை வைத்து மூன்று முறை ஸ்டார்ட் செய்து உறுதிப்படுத்திய பின், சுரண்டிச் சரி செய்தோம்.'"

மரத்தடி கொல்லென்று சிரித்தது. ஒரு டிரைவர், "கரண்டி எத்தனை வோல்ட்டு, அக்கா?" என்றான். இன்னொருவன், "கைராசியண்ணே, நீங்க இருக்கும்போது கரண்டி எதுக்கு? உங்க கையையே வெச்சிருக்கலாமே!" என்றான்.

மேடம் கையைத் தூக்கினார், சிரிப்பு நின்றது.

"இந்த மேசைக்கு வர்ற காரணம் எல்லாம் எனக்கு மனப்பாடம். டயர் பஞ்சர், பாலம் மூடியிருந்தது, பெரியப்பா இறந்துட்டார். ஒரே பெரியப்பா நாலு தடவை இறந்திருக்கார். கரண்டி இன்னிக்குத்தான் முதல் தடவை வருது." தாளைக் கீழே வைத்தார். "அம்மா, இது எனக்குக் கதை மாதிரி இருக்கு."

"நடந்தது மேடம்" என்றாள் மீட்டரக்கா. குரல் உயரவில்லை, தாழவும் இல்லை. "வேணும்னா வண்டியை அணைச்சு எத்தனை தடவை வேணும்னாலும் போட்டுக் காட்டுறேன்."

"இப்போ ஓடுறது ஓடுது. அப்போ ஓடலைங்கிறதுக்கு என்ன சாட்சி?" மேடத்தின் பார்வை அவளைத் தாண்டிப் போய், காருக்குப் பின்னால் ஒண்டி நின்ற கைராசியிடம் நின்றது. "நீங்க இங்க வாங்க. உங்களை எனக்குப் பல வருஷமாத் தெரியும். எந்த வண்டின்னாலும் பேட்டரிம்பீங்க. நீங்க சொல்லுங்க. இவங்க எழுதினது நடந்ததா, இல்லையா?"

கைராசி மேசைக்கு வந்தார். வருவதற்குள் மைதானமே ஒரு மைல் நீண்டுபோனது. ஏழெட்டு ஜோடிக் கண்கள் அவர் வலது கையையே பார்த்தன. அவர் அதைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அண்ணனைப் பார்த்தார், அண்ணன் தன் நகத்தில் ஒட்டியிருந்த நீலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்தார். அவள் கெஞ்சவில்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை. உரிந்த முழங்கையோடு, தன் முறைக்காகக் காத்திருப்பவள் மாதிரி நேராக நின்றாள்.

மேடம் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நடந்துச்சு மேடம்" என்றார் கைராசி. தொண்டையைச் செருமிக்கொண்டு, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார். "நடந்துச்சு. கரண்டிதான். சாவி போட்டது நான். கரண்டி இல்லாம மூணு தடவை போட்டேன், ஊதியும் போட்டேன், டக்குனு நின்னுச்சு. கரண்டியோட மூணு தடவை போட்டேன், மூணு தடவையும் எழுந்துச்சு. பேட்டரி மேல தப்பே இல்லை மேடம். என் கையிலயும் ஒண்ணும் இல்லை."

மேடம் தாளில் கையெழுத்துப் போட்டு, மீட்டரக்காவின் பெயரைப் பட்டியலில் கடைசி ஆளுக்குக் கீழே எழுதினார்.